பாலிஷ் போடாத வாட்ச்

என் மகள் சோயாவின் நிக்காஹ்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, என் கணவரின் அண்ணன் சௌகத் அலியின் கண் என் கையில் இருந்த வாட்ச் மேல் விழுந்தது. என் மாமனார் கட்டி, பிறகு என் கணவர் விட்டுப்போன, சாவி கொடுக்கிற பழைய வாட்ச்.

“பரிதா, மாப்பிள்ளைக்கு இதையே போட்டுடலாம். எங்க அத்தா கட்டுன வாட்ச், குடும்பத்துப் பொருள். ஆனா இப்படியே குடுத்தா சபையில சிரிப்பாங்க. பாலிஷ் போட்டு புதுசாக்கிடு.”

மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுவது எங்களில் பெண் வீட்டு மரியாதை. அதை மறுக்க முடியாது. குடும்பம், மரியாதை என்று நீட்டி முழக்கும் மச்சான், என் கணவர் மவுத்தான பிறகு நாங்கள் இருக்கும் பம்மல் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இருந்தும் வாயை மூடிக்கொண்டு தாம்பரம் போனேன்.

மார்க்கெட் சந்தில் வாட்ச் ரிப்பேர் செய்யும் சிட்டிபாபு, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாக்கா, கேஸு பூரா ஒரே பக்கமா கீறல் கீது. உள்பக்கமா திருப்பிக் கட்டுவீங்களா?”

ஆமாம். கணவர் போனபின் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து, செருப்புக் கம்பெனிக்குத் தோல் தைக்கப் போன முதல் வாரம், “புருஷன் போன கையோட ஆம்பள வாட்ச் கட்டிக்கினு மினுக்குறா பாரு” என்று ஒருத்தி சொன்னாள். அவள் வாய்க்குப் பயந்து முகப்பை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக்கொண்டேன். பதினெட்டு வருஷம் அது தையல் மெஷினின் இரும்பு விளிம்பில் உரசியது.

சிட்டிபாபு இழுப்பறையிலிருந்து பளபளவென்று ஒரு பழைய வாட்சை எடுத்தார். “இது பாலிஷ் போட்டது. ஓரத்தைத் தொட்டுப் பாருங்க.”

ஓரமே இல்லை. கரைந்த சோப்பு மாதிரி இருந்தது.

“கீறல் மட்டும் தனியா போவாதுக்கா. அந்த ஆழத்துக்குத் தேச்சா கேஸும் தேஞ்சிடும். போனது திரும்ப வராது. யோசிச்சி சொல்லுங்க.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. அன்று எவளோ சொன்னாள் என்று ஒளித்தேன். இன்று எவரோ சிரிப்பார் என்று தேய்க்க வந்து நிற்கிறேன். இதில் என் உழைப்பைத் தவிர வேறு என்ன கீறியிருக்கிறது?

“பாலிஷ் வேணாம். மாப்பிள்ளைக்குப் புதுசா ஒண்ணு காட்டுங்க.”

விஷயம் தெரிந்ததும் மச்சான் குதித்தார். “சரி, புதுசே குடு. ஆனா அன்னிக்கி இந்தக் கீறல் வாட்சைக் கட்டிக்கினு வராதே. என் மானம் போவும்.”

“கட்டிக்கினுதான் வருவேன் மச்சான். வெளிப்பக்கமா.”

நிக்காஹ் அன்று அப்படித்தான் கட்டினேன். பழக்கமில்லாமல் கை கூசியது.

பொழிச்சலூர் மண்டபத்தில், நிக்காஹ் நடத்தி வைக்கும் ஹஜ்ரத் பதிவுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மணி கேட்டார். மாப்பிள்ளை பெருமையாகப் புது வாட்சைப் பார்த்தார். மணி பத்து பத்து. விற்கும் வரை ஓடாமலிருக்கக் கடையில் சாவிக்கு அடியில் செருகியிருந்த பிளாஸ்டிக்கை யாரும் எடுக்கவில்லை. கடையில் காட்டிய நேரத்திலேயே அது நின்றிருந்தது. மச்சான் செல்போனுக்காக ஜிப்பா பையைத் துழாவினார்.

பெண்கள் பக்கத் திரையை விலக்கி, முழங்கை வரை கையை நீட்டினேன்.

“பதினொண்ணு இருபது, ஹஜ்ரத்.”

அவர் எழுதிக்கொண்டார். மச்சான் என் கையையே முறைத்தார். அவர் ஒவ்வொரு கீறலையும் பார்த்து முடிக்கும் வரை நான் அதை இழுத்துக்கொள்ளவில்லை.