குழாய் நிழல்

கண்ணாயிரத்தின் சாயப்பட்டறையில் நிறம் பார்க்கிற மணை திங்கட்கிழமை கைமாறுவதாக இருந்தது. சாயம் போட்டுக் காய்ந்த பட்டு நூல் கழிகளைக் கையில் வாங்கி, "இது அரக்கு, இது குங்குமச் சிவப்பு, இது கொறையுது, திரும்பப் போடு" என்று தீர்ப்புச் சொல்கிற மணை. அந்த மணைக்கு உள்ள மரியாதை வாலாஜாபாத் வரைக்கும் போகும். அதில் உட்காரப் போகிறவன் கண்ணாயிரத்தின் அக்கா மகன் பிரேம்நாத்.

அவனுக்குப் பிறவியிலேயே சிவப்பு தெரியாது.

சாயக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்து நிறத்தை வாங்கிக்கொண்டு, அரக்குக் கழிக்கு இரண்டு முடிச்சு, குங்குமத்துக்கு மூன்று என்று யார் கண்ணிலும் படாமல் போட்டு வைத்துப் பட்டறையில் எட்டு வருஷத்தை ஓட்டியிருந்தான். மணையில் உட்கார்ந்துவிட்டால் மாமன் மகள் அனுவைக் கட்டிவைப்பார்கள், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. இத்தனை நாள் மணையில் இருந்த மாமாவே ரேணுகாம்பாள் அத்தை பக்கத்தில் இல்லாமல் ஒரு கழியைத் தொடமாட்டார். "இன்னா ரேணுகா?" என்று கேட்ட பிறகுதான் வாய் திறப்பார். பெண்டாட்டி சொல்லை மதிக்கிற மனுஷன் என்று ஊரே மெச்சியது. ஊருக்கு மெச்சிக்கொள்ள ஏதாவது வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கல்லூரியில் இயற்பியல் நடத்துகிற அனு, சூரியனைப் பார்க்கும் தொலைநோக்கி ஒன்றை மொட்டைமாடிக்கு ஏற்றினாள்.

"ஹைட்ரஜன் விடுற ஒரே ஒரு சிவப்பை மட்டும்தான் இது உள்ள விடும். மத்ததெல்லாம் கட். பயப்படாம பாக்கலாம்" என்றாள்.

குழாயை நேராகச் சூரியனுக்குக் காட்டாமல் தரையில் விழுந்த அதன் நிழலையே பார்த்துக்கொண்டு திருப்பினாள். நீண்டு கிடந்த நிழல் சுருங்கிச் சுருங்கி ஒரு வட்டமானது. "நிழல் இப்டி வட்டமா இருந்தாதான் சூரியன் உள்ள இருக்குதுன்னு அர்த்தம். மோட்டார் இல்ல, ரெண்டு மூணு நிமிஷத்துல நகந்துடும்" என்று பிரேம்நாத்திடம் சொன்னாள். பிறகு கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு, குழாயின் இடுப்பிலிருந்த வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருகினாள். கொஞ்சம் கூடினால் சூரியனின் விளிம்பில் எழும்புகிற தீ மறைந்துவிடுமாம். கொஞ்சம் குறைந்தாலும் அப்படித்தானாம். சூரியன் நகர நகரக் குழாயையும் நகர்த்திக்கொண்டு கால் மணி நேரம் மல்லுக்கட்டி, "வந்துடுச்சு!" என்று கத்தினாள்.

அத்தை முதலில் பார்த்தாள். "அய்யோ, குங்குமத்தைத் தட்டுல கொட்டுன மாதிரி! ஓரத்துல நெருப்பு எழும்பிக்கினு இருக்குதுடி!"

அடுத்து பிரேம்நாத். துணிக்குள் அவன் கண்டது, அணைந்த அடுப்புக் கரி போல ஒரு மங்கல். தீயுமில்லை, விளிம்புமில்லை.

"இன்னும் கொஞ்சம் திருப்பு, அனு."

வளையத்தைத் திருப்பினாள். "இப்ப?"

"இன்னும்..."

அவள் துணியை விலக்கித் தானே பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தவளுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. படித்தவள்.

"பிரேமு... உனுக்கு செவப்பு தெரியாதா?"

மெதுவாகத்தான் கேட்டாள். பின்னால் நின்ற கண்ணாயிரத்தின் காதுக்கு அது போதும். அடித்தொண்டையிலிருந்து வசவு ஆரம்பித்தது. எட்டு வருஷம் சோறு போட்டதையும், செத்துப்போன அக்காவையும், பட்டறை மானத்தையும் இழுத்து இழுத்து அவர் பேசப் பேச, கீழே கழி உலர்த்திக்கொண்டிருந்த ஆட்கள் கைவேலையை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்கள். பிரேம்நாத் தலையைக் குனிந்துகொண்டான். அப்போதுதான் தரையிலிருந்த குழாயின் நிழல் கண்ணில் பட்டது. அது வட்டமாக இல்லை. ஒரு பக்கம் நீண்டு கிடந்தது.

"தள்ளுடா!" கண்ணாயிரம் துணிக்குள் புகுந்து கண்ணை வைத்தார். வெகுநேரம் பார்த்தார். "ஆகா! செக்கச்செவேல்னு எரியுது! கொழந்தைக்குக்கூடத் தெரியுமேடா இது. குருட்டுக் கண்ண வச்சிக்கினா என் மணைக்கு ஆசப்பட்ட?"

பிரேம்நாத் அனுவைப் பார்த்தான். அவளும் நிழலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை அவர்கள் இருவரையும் பார்த்தாள். கண்ணால் மகளைக் கெஞ்சினாள்.

"சொல்லு, அனு" என்றான் அவன். "குழாய்ல இப்ப இன்னா இருக்குதுன்னு சொல்லு."

அனு குனிந்தாள். குழாயைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். நிழல் சுருங்கி மறுபடி வட்டமானது.

"சூரியன்தான் இருக்குது" என்றாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"கேட்டுக்கினியா? நாளையிலேர்ந்து கொதி அண்டாவுக்கு வெறகு தள்ளு. மணைப் பக்கம் நெழல் பட்டா கால ஒடைச்சிடுவேன்." கீழே யாரோ சிரித்தார்கள்.

அவமானம் தாங்காமல் பிரேம்நாத் படியில் இறங்கினான். பின்னாலேயே கண்ணாயிரம் வந்தார். திருப்பத்தில், யார் காதுக்கும் எட்டாத இடத்தில், அவன் தோளில் கைபோட்டு நிறுத்தினார். அவர் குரலில் கோபமே இல்லை.

"எங்கம்மா குடுத்ததுடா இந்தக் கண்ணு. எனுக்கு நேரா குடுத்தா, உனுக்கு உங்கம்மா வழியா. நீ முடிச்சு போடறத மொத வருஷமே பாத்துட்டேன். விஷயம் தெரிஞ்சாலும் அனு கட்டிப்பான்னு இருந்தேன், இப்டி ஊரே கேட்டப்புறம் கட்டிக்க மாட்டா. எனுக்கு ரேணுகா இருக்கா. உனுக்கு யாருடா இருக்கா?"

தோளை இரண்டு தட்டு தட்டிவிட்டு மேலே ஏறினார்.

"இன்னா ரேணுகா," என்று அவர் சத்தமாகக் கேட்பது காதில் விழுந்தது, "இன்னும் எரியுதா?"

"எரியுதுங்க" என்றாள் அத்தை.