வெள்ளையை வெட்டியவன்

சங்ககிரியில் லாரி ஆபீஸ்களுக்கு பில் புக் தைத்துக் கொடுப்பவன் நான். பெயர் இம்தியாஸ். முப்பது வருஷத்தில் என் கட்டிங் மெஷின் ஒரு நூல்கூடக் கோணல் போனதில்லை. அதனால் சித்ரா என் கடையில் நின்று அழுதபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

சித்ரா சேலத்தில் ஒரு டிசைன் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். தையல் விட்டுப்போன ஜப்பான் பத்திரிகை ஒன்றை என்னிடம் கொடுத்திருந்தாள். அறுபது வருஷத்துக்கு முந்தையது, முழுக்க விளம்பரப் போஸ்டர்கள். பனமரத்துப்பட்டி தீர்த்தகிரி ஐயா அந்தக் காலத்தில் அச்சு மெஷின் பழக ஒசாகா போனபோது வாங்கிவந்த பன்னிரண்டில் அது முதலாவது. முதலாவது முழுசாகத் திரும்பினால்தான் அடுத்ததைக் கொடுப்பார். பன்னிரண்டையும் பார்க்காமல் அவளுடைய ஆராய்ச்சி முடியாது.

உள்ளே ஒரு பெரிய தாளை நாலாக மடித்து வைத்திருந்தார்கள். மூலையில் ஒரு கறுப்புக் குருவி, மற்றதெல்லாம் வெறும் வெள்ளை. எந்த மடையன் படத்தை இப்படி ஓரத்தில் அடித்தான் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் நீட்டிக்கொண்டிருக்கும் தாளை வெட்டாமல் தைக்க மாட்டோம், அதை யாரையும் கேட்பதும் இல்லை. குருவி நடுவில் வரும்படி அளந்து வெட்டி, பத்திரிகையோடு சேர்த்துத் தைத்துவிட்டேன்.

"அந்த வெள்ளைதானுங்க படமே" என்றாள் சித்ரா.

"வெறுந்தாளு எப்படிங்கம்மணி படமாகும்?" என்றேன். அவள் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போனாள். எக்கேடோ கெடட்டும் என்று வேலையைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. கழிவுக் கூடையில் கிடந்த துண்டுகளைத் தேடி எடுத்து மேஜையில் பரப்பினேன். அவ்வளவு வெள்ளையும் அந்தக் குருவி பறப்பதற்கான வானம். நான் அதை ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி ஆக்கியிருந்தேன்.

மறுநாள் காலை துண்டுகளோடு பனமரத்துப்பட்டிக்கு பஸ் ஏறினேன்.

"அந்தப் புள்ள நேத்தே வந்து சொல்லிருச்சுங்களே" என்றார் தீர்த்தகிரி ஐயா. "தானே தெரியாம வெட்டிப்போட்டன்னு. இனி ஒண்ணும் தரமாட்டன்னு அனுப்பிட்டேன்."

என் பெயரையே அவள் எடுக்கவில்லை.

"அது பொய்யிங்கய்யா. வெட்டுனது நானுங்க. அதுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க."

அவர் உள்ளே போய்ப் பத்திரிகையை எடுத்து வந்தார். துண்டுகளைக் குருவியைச் சுற்றி ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். "நேராத்தான் வெட்டியிருக்கீங்க" என்றார். பிறகு போனை எடுத்தார்.

"சித்ரா, எங்கிட்டப் பொய் சொல்லிப்போட்டயே சாமி. மிச்சம் பதினொண்ணையும் வந்து எடுத்துட்டுப் போ."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க மட்டும் ஒண்ணையும் தொடாதீங்க."

"தொடமாட்டனுங்க" என்றேன். வெட்கத்தில் முகம் எரிந்தது. ஆனாலும் அத்தனை சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.