மசூது கேட்காத வாசல்

புளியங்குடி எலுமிச்சை மண்டியில் பல காலம் கமிஷன் கடை வைத்திருந்த மசூது, தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்டதே கிடையாது. கேட்டால் விலை ஏறிவிடும். பெரிதாக வேறொன்றைக் கேட்பார். எதிராளி மறுத்துவிட்டுச் சங்கடப்படும் நேரம் பார்த்து, "சரி, இதையாவது குடும்" என்று வேண்டியதை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். நஸீபாவைக் கட்டியதும் அப்படித்தான் என்பார்கள். அக்காவைப் பெண் கேட்டுத் தங்கையை வாங்கிய பேரம்.

நஸீபா மௌத்தான பிறகு, ஷார்ஜாவிலிருக்கும் மகன் ஆசிப் குத்துக்கல்வலசையில் கட்டிய வீட்டில் தனியாக இருந்தார். தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மீதி இன்னும் பூசப்படவில்லை. மீன்காரியிடம் வாங்காத மீனுக்கும் விலை கேட்பார், பேச்சு நீளுமே என்று.

வீட்டுக்கு எதிரே, முள்ளுக்குள், குற்றாலம் சாலைக்கு முகம் காட்டியபடி ஒரு பழைய கல்மண்டபம். அதைப் புதுப்பித்துச் சுற்றிலும் பூங்கா போட அரசு மானியம் வந்தது. இடம் போதவில்லை. பக்கத்திலிருந்த மசூதுவின் காலிமனை இனாமாகக் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் மானியம் திரும்பிப் போய்விடும். பொறியாளர் சுகந்தி வரைபடத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

மசூதுவுக்கு வேண்டியது ஒன்றுதான். பூங்கா வாசல் தன் வீட்டைப் பார்த்து இருக்க வேண்டும். வாசல் இருந்தால் ஆள் வரும். வந்த ஆள் தண்ணீர் கேட்கும், சைக்கிளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்.

"இடந்தானே, தாரேன். ஆனா பூங்காவுக்கு எம் பொஞ்சாதி பேர வைக்கணும்," என்றார். அரசாங்கமாவது ஒத்துக்கொள்வதாவது. மறுக்கட்டும், அப்புறம் வாசல்.

"என்ன பேருங்கய்யா?"

"நஸீபா."

"நல்ல பேரு. ஊராட்சில ஒரு தீர்மானம் போட்டா போதும், போடச் சொல்லுதேன்." சுகந்தி வரைபடத்தைச் சுருட்டினாள். "இப்படி ஒரே பேச்சுல முடிச்சவுக நீங்க ஒருத்தர்தான்."

முடிந்த பேரத்தில் மறுபடி வாய் வைப்பது மண்டியில் மானக்கேடு. மசூது கையெழுத்துப் போட்டார்.

பூங்காச் சுவர் எழும்பியபோது, கடற்கரை என்ற கொத்தனாரிடம் மசூது கேட்டார். "ஏலே, இங்கன வாசல் விடலியா?"

"வாசல் குத்தாலம் ரோட்டுல அண்ணாச்சி. சீசன் கூட்டம் அங்கனதான எறங்கும். ஒங்க பக்கம் ஆளுயரச் செவரு. ஒரு நாய் வராது, நிம்மதியாத் தூங்குங்க."

மறுநாளே சுகந்தியின் தென்காசி அலுவலகத்துக்குப் போய், பிறந்ததிலிருந்து முதல்முறையாக நேராகக் கேட்டார். "மேடம், வாசல் எம் வீட்டுப் பக்கம் வேணும். பேர வேணும்னா எடுத்துருங்க."

"அன்னைக்குப் பொறவு இந்த வரைபடத்துக்குத்தான் ஒப்புதல் வாங்கியிருக்கு, இனி மாத்தினா பணம் நின்னுரும். அன்னைக்கே சொல்லிருக்கலாமேய்யா. பென்சில் கோடுதான், ஒங்க வீட்டுல வச்சே அழிச்சுப் போட்டிருப்பேன்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

மசூதுவுக்கு அதை நம்புவதுதான் சிரமமாக இருந்தது.

பூங்கா திறந்ததும் தெருவைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்து பார்த்தார். அங்கே எல்லோரும் வந்தவர்கள், இவரும் வந்தவர். தன் வீட்டு வாசலில் நிற்கிறவனிடம்தானே தண்ணீர் கேட்பார்கள். பிறகு போகவில்லை. சாயங்காலமானால் நாற்காலியைச் சுவரோரம் போட்டுக்கொள்வார்.

ஒருநாள் சாரல் விழுந்துகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் போனில் பேசினாள். "ஏட்டி மஞ்சு, நாங்க நஸீபால நிக்கோம். குடிக்கத் தண்ணி கொண்டாறியா?"

மசூது எழுந்து நின்றார். "என்னம்மா, தண்ணி வேணுமா?"

"செவருக்கு அங்கிட்டு யாரோ நிக்காங்கட்டி," என்றது குரல். "வாங்க, தள்ளிப் போயி நிப்போம்."