பதினெட்டுப் பேருக்கு ஒரு நெஞ்சு

அக்காவின் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள் தங்கை. கல் அரைக்கும் மில்லின் சல்லடைக் கொட்டகைக்குள் விடியல் வெளிச்சம் வருவதற்கு முன்பே வெள்ளைக்கல் தூள் வந்து நிறைந்திருந்தது. எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியவில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தும் உரிமை மேஸ்திரிக்கு மட்டும்தான்; மேஸ்திரி டீ குடிக்கப் போயிருந்தார்.

வாசலில் மூட்டைகள்மேல் சாய்த்தபோது அக்காவின் இமைமயிர்கூட வெளுத்திருந்தது. ஆழக் கிணற்றில் நீர் இறைப்பவள்போல ஒவ்வொரு மூச்சாக இழுத்தாள்.

"பத்து மணிக்கு வக்கீலம்மாகிட்ட போகணும்டி. அதுவரைக்கும் தாங்கும்" என்றாள். இன்னொரு மூச்சு வந்தது. "தாங்கலேன்னா தூக்கிட்டுப் போ."

தங்கை அதே மில்லில் மூட்டை தைப்பவள். தூள் சலிக்கும் மற்ற பதினேழு பேருக்கும் இருமல், இவளுக்கு இல்லை. மூன்று மாதம் முன்பு ஒரு மருத்துவ அறக்கட்டளையின் வண்டி தெருவுக்கு வந்தது. முதுகில் குழாய் வைத்துப் பார்த்த டாக்டர், ஏழாவது பெண்ணைப் பார்த்ததுமே இது தூளால் வரும் நோய் என்றார். அந்த அறக்கட்டளைக்கும் பெரிய வக்கீல் அலுவலகம் ஒன்றுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது: வேலையால் வந்த நோய் என்று டாக்டர் சொன்னால், வக்கீல்கள் கூலி வாங்காமல் வாதாடுவார்கள். தூசி உறிஞ்சும் கருவி வேண்டும், வைத்தியம் மில்லின் பொறுப்பு என்று மில் முதலாளிக்கு நோட்டீஸ் போயிற்று. முதல் பேச்சுவார்த்தை இன்றைக்கு.

அறக்கட்டளையின் கூடத்துக்கு முதலாளி நேரிலேயே வந்திருந்தார். தடித்த உறையை மேசைமேல் வைத்தார்.

"போன வருஷம் எடுத்த எக்ஸ்ரே. பதினெட்டும் இருக்கு. ஒருத்தி நெஞ்சுலயும் புள்ளி கிடையாது. அடுப்புப் புகைக்கெல்லாம் நானா பொறுப்பு?"

டாக்டர் படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தார். நாலாவதில் புருவம் சுருங்கியது. பதினெட்டாவதைக் கீழே வைத்துவிட்டு, எல்லாப் படத்திலும் இடது விலா ஒன்று முறிந்து கோணலாகக் கூடியிருக்கிறது என்றார். பதினெட்டுப் பேருக்கும் ஒரே எலும்பு ஒரே மாதிரி முறியுமா?

தங்கையின் கை தன்னையறியாமல் இடது விலாவுக்குப் போயிற்று.

ஆமாம், எல்லாருக்கும் பதிலாக அவள்தான் எக்ஸ்ரேக்கு நின்றாள். போன வருஷம், எக்ஸ்ரேயில் நெஞ்சில் புள்ளி தெரிந்த ஒரு லோடுமேனை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். பயந்துபோன பெண்கள் இவளிடம் வந்தார்கள். எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் முகம் பார்ப்பவர் யாருமில்லை. பெயரைக் கூப்பிட்டால் போய் நிற்கவேண்டும், அவ்வளவுதான். பதினெட்டுப் பெயருக்குப் பதினெட்டுத் தடவை மூச்சை அடக்கினாள். முதலாளி கண்ணில் மண்ணைத் தூவிவிட்டோம் என்று பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஏன் என்று அக்காவிடம்கூடச் சொன்னதில்லை.

முதலாளி துளியும் அசரவில்லை. இதற்காகவே காத்திருந்தவர்போல நாற்காலியில் சாய்ந்தார்.

"அப்ப இது மோசடி. பொய்ப் படம் காட்டி என்கிட்ட வேலை வாங்கியிருக்கீங்க. போலீஸுக்குப் போகட்டுமா? இல்ல, நோட்டீஸை வாபஸ் வாங்கிட்டு நாளைக்கு வேலைக்கு வர்றீங்களா?"

முன்னால் போனால் முட்டும், பின்னால் வந்தால் உதைக்கும். வக்கீலம்மா பெண்களைச் சுவரோரம் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார். நின்றவள் தன் வாயால் உண்மையைச் சொன்னால்தான் அந்தப் படங்கள் செல்லாமல் போகும். ஆனால் சொன்னவள்மேல் வழக்கு வரலாம். வராது என்று தன்னால் உறுதி தரமுடியாது.

ஒருத்தி தன் பிள்ளைகளை நினைத்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அக்காதான் சுவரைப் பிடித்துக்கொண்டு முதலாளி பக்கம் திரும்பினாள்.

"நின்னது என் தங்கச்சி. நிக்கச் சொன்னது நாங்க. போலீஸுக்குச் சொல்லும்போது பெரிய வண்டியா எடுத்துட்டு வரச் சொல்லுங்க. பதினெட்டுப் பேர் ஏறணும்."

வாயில் முந்தானை வைத்திருந்தவள் அதை எடுத்து இடுப்பில் செருகினாள். மற்ற பதினாறு பேரும் அக்காவின் பின்னால் வந்து நின்றார்கள்.

அதைப் பார்த்ததும் தங்கை முன்னால் வந்தாள்.

"அக்கா, நீங்க சொல்லி மட்டும் நான் நிக்கல."

முதலாளி நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார்.

"அதுக்கு முந்தின வாரம் நம்ம எல்லாருக்கும் நிஜமாவே படம் எடுத்தாங்களே, சரியா விழலேன்னு சொன்னாங்களே... நல்லாத்தான் விழுந்துச்சு. பதினேழு நெஞ்சுலயும் புள்ளி. உன்னுதுலதான் அதிகம். ஐயா ரூம்ல நான் பாத்தேன். 'உன் நெஞ்சுதான் சுத்தம், எல்லாருக்கும் நீ போய் நில்லு, வெளிய காத்துல மூட்டை தைக்கிற வேலை உனக்குத்தான்'னாரு. வாங்கிட்டேன்கா. ஒரு வருஷமா உன் இருமலைக் கேட்டுட்டு வாயை மூடிட்டு இருந்தேன்."

அக்காவின் கை அவள் தோளில் விழுந்தது. அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தாள். அந்தக் கை அங்கேயே இருந்தது.

தங்கை வக்கீலம்மாவிடம் திரும்பினாள்.

"அந்த நிஜப் படத்தையெல்லாம் எரிக்கச் சொல்லி ஐயா என்கிட்டதான் குடுத்தாரு. நான் எரிக்கல. சாக்குல வெச்சுத் தைச்சு வெச்சிருக்கேன்."