பக்கிள் வைத்துப் பற்றவைத்த சைலன்சர்

1

இந்தக் கதை எனக்கு லாங் பஜாரில் ஓசியில் கிடைத்தது. மிக்சி ஜாருக்கு வாஷர் வாங்கப் போயிருந்தேன். பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரு பெண்ணிடம் கடைக்காரர் கேட்டார்: "சத்தம் ஜாஸ்தி வேணுமா, இழுவை ஜாஸ்தி வேணுமா?" அதற்குள் ஒரு தள்ளுவண்டி என் காலில் ஏறிவிட்டது. அவள் என்ன பதில் சொன்னாள் என்று தெரியாமலே வீடு வந்தேன். வாஷரையும் மறந்துவிட்டேன்.

சிரிக்கச் சிரிக்க ஒரு கதை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். சத்தியமாக அவ்வளவுதான் என் திட்டம். இப்போது பேனாவை எடுக்கவே பயமாக இருக்கிறது. ஏன் என்று நாலாவது பகுதியில் உங்களுக்கே தெரியும்.

2

முதல் தொடக்கம்: "பாலாற்று மணலில் மாலை வெயில் பொன்னை உருக்கி..." அடச்சீ.

இரண்டாவது: "டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு சைலன்சர் என்பது வெறும் புகைக்குழாய் அன்று, அது..." எவன் படிப்பான்?

மூன்றாவது தேறும் போலிருக்கிறது:

பள்ளிகொண்டா எழிலரசி ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் தையல் லைன் சூப்பர்வைசர். அவள் தம்பி நவநீதன் பாலாற்று மணலில் ரேஸ் வண்டி ஓட்டுகிறவன். ஓட்டியவன். போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆற்று மணலில் வண்டியோடு விழுந்து செத்துப்போனான். பட்டன் டயர் போட்டு மண்ணுக்காக அவன் மாற்றிய பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி, சைலன்சர் இல்லாமலே வீட்டுக்கு வந்தது. விழுந்த வேகத்தில் கழன்று மணலில் புதைந்திருக்கும் என்றார்கள். அந்த வண்டியைத் திரும்ப ஓட்ட வேண்டும் என்று எழிலரசிக்கு ஆசை. அதற்குத்தான் சைலன்சர்.

(பொம்பளைப் பிள்ளை ஆற்று மணலில் வண்டி ஓட்டுவாளா, வாசகர் நம்புவாரா என்று ஒரு நாள் முழுக்க அவளைத் தம்பியாகவும் அவனை அண்ணனாகவும் மாற்றிப் பார்த்தேன். கதை நகரவே மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. போ, நீயே ஓட்டு என்று விட்டுவிட்டேன்.)

கூட வந்திருப்பவன் பூவரசன். நவநீதனின் தோஸ்த், அதே ஃபேக்டரியில் வேலை. எழிலரசிக்கு அவனோடு நிச்சயம் ஆகிவிட்டது, ஆவணியில் கல்யாணம். கல்யாணப் பத்திரிகையின் மாதிரி அவள் கைப்பையில் இருக்கிறது. சைலன்சர் வாங்கிய கையோடு பிரஸ்ஸில் ஓகே சொல்ல வேண்டும். ஆளுக்கு ஓர் அடையாளம் வேண்டுமே என்று பூவரசனுக்கு வலது உள்ளங்கையில் ஒரு தீத்தழும்பு கொடுத்தேன். ஃபேக்டரியில் ஷூ மூக்கை அழுத்துகிற சூட்டு மெஷினில் பட்டது என்று அவன் சொல்வான். சும்மா, அழகுக்காகத்தான் கொடுத்தேன்.

3

கடைக்காரர் பெயர் நவீத். இரண்டு சைலன்சரை எடுத்துப் போட்டார்.

"இது ஒல்லி. ரோட்டுல பறக்கும், மணல்ல படுத்துக்கும். இது வயிறு பெருத்தது. கீழ் கியர்லயே இழுக்கும். உனக்கு எது வேணும்மா?"

"மணலுக்குத்தான் பாய். இழுவை வேணும்."

"இன்னா எழிலு, சத்தமே இல்லாம ஓட்டப் போறியா?" என்றான் பூவரசன். "ஊரே திரும்பிப் பாக்க வேணாமா?"

"நீ ஒருத்தன் பாத்தா போதும் மாமா."

(இந்த இடத்தில் நானே சிரித்தேன். ஜோடி நன்றாக அமைந்துவிட்டது என்று காபி குடிக்கப் போனேன். போயிருக்கக் கூடாது.)

"மணலுக்குன்னே வளைச்சது ஒண்ணு கெடக்குது. பழசு. குடியாத்தம் பழைய இரும்பு லாட்ல வந்துச்சு" என்று நவீத் பரண்மேலிருந்து ஒரு குழாயை இறக்கினார்.

"புதுசாவே வாங்கலாம், பழசு பேஜாரு" என்றான் பூவரசன். நல்ல மனுஷன், வருங்காலப் பெண்டாட்டிக்குப் புதுசு வாங்கித்தர நினைக்கிறான் என்றுதான் நானும் எழுதினேன்.

எழிலரசி குழாயைத் திருப்பினாள். ஸ்பிரிங் மாட்டுகிற கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஷூ பக்கிள் பற்றவைக்கப்பட்டிருந்தது.

4

அந்த பக்கிளை நான் வைக்கவில்லை! பழைய பைப் என்பதால் ஒரு நசுங்கல் வைத்தேன், துரு வைத்தேன். பக்கிள் எப்படி வந்தது?

"இது நான் குடுத்தது" என்றாள் எழிலரசி. "கொக்கி உடைஞ்சு போச்சுக்கான்னு வந்து நின்னான். எங்க லைன்ல கழிச்சுப் போட்ட பக்கிள். நான்தான் எடுத்தாந்து குடுத்தேன். பாய், இது என் தம்பி பைப்பு."

நவீத் குனிந்து பக்கிளை உற்றுப் பார்த்தார். நானும்தான்.

அவள் அதோடு நிற்கவில்லை. குழாயின் வயிற்றில் கை அகலத்துக்குக் கருப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தாள். பதனிட்ட தோல் கருகிய நாற்றம். ஆம்பூர்க்காரிக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.*

பாலாற்று ரேஸில் ஒரு வழக்கம் உண்டு. பணம் கிடையாது, தோற்றவன் தன் சைலன்சரைக் கழற்றி ஜெயித்தவனிடம் கொடுக்க வேண்டும். விழுந்தாலும் தோற்றதாகத்தான் கணக்கு. ஆறிய பைப்பை வெறும் கையால் கழற்றலாம். கொதிக்கிற பைப்பைப் பிடிக்கத்தான் தோல் துண்டு வேண்டும். எஞ்சின் நின்று கொஞ்ச நேரத்திலேயே பைப் ஆறிவிடும்.

அப்படியென்றால் நவநீதன் விழுந்த உடனே யாரோ பக்கத்தில் இருந்திருக்கிறான். விடிந்துதான் மணல் அள்ளுகிறவர்கள் அவனைப் பார்த்தார்கள். ராத்திரியே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஐயோ! உயிரோடு கிடந்தவன் வண்டியிலிருந்து கழற்றிக்கொண்டு போயிருக்கிறான்!

அன்றைக்கு ரேஸே இல்லை, தனியாகத்தான் போனான் என்று முதலில் வந்து சொன்னவன் பூவரசன்.

இரண்டாவது பகுதிக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். தழும்பு அங்கேயே இருக்கிறது. என் கையால் எழுதியது. அடப்பாவி, அழகுக்காகக் கொடுத்தேன் என்று உங்களிடம் பெருமை வேறு அடித்திருக்கிறேன்.

* இந்தப் பக்கம் எல்லா வண்டி சீட்டுக்கு அடியிலும் துடைக்க ஒரு தோல் துண்டு கிடக்கும். மெல்லிய லைனிங் தோல். சூட்டில் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், பிடித்தவன் கையையும் சுடும்.

5

தழும்பை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடித்தும் பார்த்தேன். பூவரசன் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். நான் எழுதாமலே விட்டுக்கொண்டான்.

முடிவு அ: பூவரசன்தான் எடுத்தான். எப்போதும்போல் விழுந்துவிட்டுச் சிரிக்கிறான் என்று நினைத்து, "நாளைக்கு வந்து கெஞ்சுடா" என்று கத்திவிட்டுப் போனான். காலையில் விஷயம் தெரிந்ததும் வாய் திறக்க பயம். இது நம்பும்படி இருக்கிறது. அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை.

முடிவு ஆ: தழும்பு மெஷினால் வந்ததுதான். எடுத்தவன் வேறு எவனோ. பூவரசன் ஒரு பாவமும் அறியாதவன். அப்புறம் ஏன் புதுசு வாங்கலாம் என்றான்?

முடிவு இ: அடிபட்டுக் கிடப்பது தெரிந்தேதான் அவன்...

இல்லை. இதை என்னால் எழுத முடியாது.

6

நான் எழுத மறுத்தாலும் அவள் நிற்கவில்லை. குழாயைத் தூக்கி அவனிடம் நீட்டினாள்.

"மாமா, கொஞ்சம் புடி."

"வைம்மா கீழ. போலாம் வா, பிரஸ் மூடிருவான்."

"புடின்றேன். அந்தக் கருப்பு மேலயே கைய வச்சுப் புடி."

"எழிலு, இன்னா பேசற நீ?"

"ஒண்ணும் பேசலியே. புடிக்கத்தான சொல்றேன்."

நவீத் கல்லாவை விட்டு எழுந்து நிற்கிறார். வெளியே தள்ளுவண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறவனைத் திட்டுகிறான். பூவரசனின் வலது கை பாக்கெட்டிலிருந்து பாதி வெளியே வந்திருக்கிறது. விரல்கள் மூடியிருக்கின்றன.

இதற்கு மேல் எனக்குத் தெரியாது. சத்தம் வேணுமா இழுவை வேணுமா என்பதற்கு அவள் பதிலைக் கேட்கத்தான் நான் வந்தேன். பூவரசன் என்னைப் பார்க்கவே இல்லை. என்னால் ஒன்றும் ஆகாது என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. உங்களைத்தான் பார்க்கிறான். அவளும்.

பிரஸ்காரர் எனக்குப் போன் மேல் போன் அடிக்கிறார். நீங்களே சொல்லுங்கள், பத்திரிகையை அடிக்கச் சொல்லட்டுமா?