முப்பது போதும்

பெரம்பலூர் துறைமங்கலத்தில் டயர் கடை வைத்திருந்த கோகுலகிருஷ்ணனுக்குப் பதினெட்டு வருட அனுபவம். அந்த அனுபவத்தை நம்பித்தான் லப்பைக்குடிக்காட்டு அத்னான் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை அன்று காலை அங்கே கொண்டுவந்தான். துபாயில் ஆறு வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவன், ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. பதினேழு இன்ச் வீல் பார்க்க எடுப்பாக இல்லையென்று பத்தொன்பது இன்ச் வீலும், அதற்கேற்ற, பக்கச்சுவர் குட்டையான டயரும் வரவழைத்திருந்தான்.

நான்கையும் மாட்டி முடித்ததும் அத்னான் கேட்டான்.

“அண்ணே, வீலு பெருசாயிடுச்சே. காத்து எவ்வளவு வைக்கணும்?”

கோகுலகிருஷ்ணனுக்குத் தெரியவில்லை. அத்தனை பெரிய வீலை அவர் அதுவரை எந்தக் காருக்கும் மாட்டியதில்லை. ஆனால் கடையில் இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். அவர்கள் எதிரில் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. காரின் கதவோரம் கம்பெனி ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். முப்பது என்று இருந்தது. பழைய வீலுக்கான கணக்கு அது என்பதை அவர் யோசிக்கவில்லை.

“முப்பது போதும். தாராளமா போங்க.”

மத்தியானம் அக்கா ஷஹானாவையும் அவள் இரண்டு பிள்ளைகளையும் திருச்சி ஏர்போர்ட்டில் விடப் போவதாகச் சொல்லிவிட்டு அத்னான் கிளம்பினான்.

வெயில் ஏற ஏற கோகுலகிருஷ்ணனுக்கு மனசு உறுத்தியது. சாப்பாட்டு நேரத்தில் திருச்சியிலிருந்த டயர் கம்பெனிக்காரருக்குப் போன் செய்து, பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார். வீல் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் குட்டையாகிவிடும், உள்ளே காற்றுக்கு இடம் குறைவு, அதே எடையைத் தாங்க அழுத்தம் கூடுதலாக வேண்டும் என்றார் அவர். அந்த டயர் எவ்வளவு எடை தாங்கும் என்ற அட்டவணையைப் பார்த்து, ஆளும் பெட்டியும் ஏற்றினால் முப்பத்தெட்டு, அதுவும் டயர் ஆறியிருக்கும்போது அளந்து வைக்கணும் என்று சொன்னார். முப்பதில் ஓட்டினால் என்ன ஆகும் என்று கேட்டார் கோகுலகிருஷ்ணன்.

“பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். இந்த வெயில்ல, ஹைவேஸ்ல, வெடிச்சாலும் வெடிச்சிரும் சார்.”

கோகுலகிருஷ்ணன் உடனே அத்னானுக்கு ஆறு முறை போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டுகிறவன் எடுக்கமாட்டான், எடுக்கவும் கூடாது. பைக்கால் காரைப் பிடிக்க முடியாது என்று தெரிந்தும் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு திருச்சி ரோட்டில் விரட்டினார்.

சிறுவாச்சூர் தாண்டியதும் ரோட்டில் கிழிந்த ரப்பர் சிதறிக் கிடந்தது. அவர் பதறி இறங்கி எடுத்துப் பார்த்தார். கனத்த பட்டை, லாரி டயருடையது. அதைப் போட்டுவிட்டு மறுபடி பைக்கில் ஏறினார். அதற்குப் பிறகு எதிரே வந்த ஒவ்வொரு ஆம்புலன்ஸையும் வேகம் குறைத்துத் திரும்பிப் பார்த்தார். காலையில் காரின் பின் சீட்டில் பார்த்த பிள்ளைகளின் பொம்மைப் பை கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது.

பாடாலூர் தாண்டி, ரோட்டோரம் சிவப்பு நிறம் தெரிந்தது. கார் நேராகத்தான் நின்றது. வேப்பமரத்தடியில் ஷஹானா இரண்டு பிள்ளைகளையும் தன்னோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள். அத்னான் பின் டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ரப்பர் கருகும் வாடை வருகிறதென்று ஷஹானா சொல்லியிருக்கிறாள். ஒன்றுமில்லை என்றிருக்கிறான் தம்பி. அவள் கேட்கவில்லை, பிடிவாதமாக நிறுத்தச் சொல்லிவிட்டாள். டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்திருந்தது. கிட்டே கையைக் கொண்டுபோனாலே சுட்டது. இன்னும் பத்து நிமிடம் ஓடியிருந்தால் வெடித்திருக்கும் என்று கோகுலகிருஷ்ணனுக்குப் பார்த்ததுமே புரிந்தது.

டயர் கம்பெனிமேல் பழியைப் போட்டிருக்கலாம். அத்னானும் ஷஹானாவும் நம்பியிருப்பார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளைப் பார்த்த பிறகு பொய் வரவில்லை.

“தப்பு என்னுதுதான் தம்பி. எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்.”

அத்னானின் முகம் வெளுத்திருந்தது. ஷஹானாதான் பேசினாள். குரல் உயரவில்லை.

“தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற எடத்துல கேட்டிருப்போம்ணே. நீங்க தெரிஞ்ச மாதிரி சொன்னதாலதான் என் புள்ளைங்கள நம்பி ஏத்தினேன்.”

கோகுலகிருஷ்ணன் பாடாலூரிலிருந்து வாடகைக் கார் வரவழைத்து அவர்களை ஏற்றிவிட்டார். பெட்டிகளை அவரே தூக்கி வைத்தார். விமானத்துக்கு நேரம் இருந்தது.

மறுவாரம் ஒருவர் புது ஜீப்பை ஓட்டிவந்து காற்றளவு கேட்டார். கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். கோகுலகிருஷ்ணன் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

“எனக்குத் தெரியலிங்க. செத்த இருங்க, கேட்டுச் சொல்றேன். தெரியலைன்னு சொன்னா நம்ம மானம் ஒண்ணும் போயிடாது. தெரிஞ்ச மாதிரி சொன்னா அடுத்தவங்க உயிர் போயிடும்.”