அம்மோனியாப் புட்டி

அம்மோனியா எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் வச்சலாவுக்கு நாங்கள் செய்தது என்னவென்று புரியாது. பழுப்புப் புட்டியைத் திறந்து மூக்குக்குக் கீழே காட்டினால், அந்தக் காட்டமான ஆவி மூக்கின் ஈரச் சவ்வில் பட்டு எரியும். எரிச்சல் தாங்காமல் மார்பு தானாகவே மூச்சை இழுக்கும். இதயம் வேகமெடுக்கும். மயங்கிக் கிடப்பவர் இருமிக்கொண்டு எழுந்து உட்காருவார். அவருடைய சம்மதத்தை அது கேட்பதில்லை. எங்கள் டாக்டருக்கு அந்தப் புட்டியின் மேல் அவ்வளவு பிரியம் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

எழுபத்து நான்காம் வருடம், ஆடி மாதம். செங்கல்பட்டில் பத்துக் கட்டில் போட்ட தனியார் மருத்துவமனை ஒன்றில் நான் நர்ஸாக இருந்தேன். டாக்டர் பூவராகவன் அதன் சொந்தக்காரர். புட்டியைப் பிடிப்பது என் வேலை.

வச்சலாவுக்குப் பத்தொன்பது வயது. சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்துப் பெண். அம்மா ஆதியம்மாள் கூடையில் மீன் விற்பவள். அக்காவின் புருஷன் ராமதாஸ் கடற்கரையில் கருவாட்டுக் கொட்டகை வைத்திருந்தான். வச்சலாவுக்கு அங்கேதான் வேலை. நான்கு மாதமாக அவளுக்குத் திடீரென்று கைகால் உதறத் தொடங்கியிருந்தது. சில நாள் உதறலும் இல்லாமல் எழுந்து நடந்து, மாமல்லபுரம் சாலையில் போய் நிற்பாளாம். எப்படி வந்தாய் என்றால் தெரியாது என்பாளாம். குப்பத்தில் மிளகாய்ப் புகை போட்டுப் பார்த்திருந்தார்கள். நாங்கள் படித்தவர்கள், அம்மோனியா காட்டினோம்.

"ஹிஸ்டீரியா. நடிப்புக்குக் கொஞ்சம் மேலே, வியாதிக்குக் கொஞ்சம் கீழே" என்றார் டாக்டர்.

புட்டியைக் காட்டியதும் உதறல் நின்றது. ஆனால் அவள் இருமவில்லை. எனக்கு அது உறுத்தியது. எரிச்சல் பட்டால் இருமல் வர வேண்டும், அதுதான் உடம்பின் கணக்கு. இவளோ கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். எழுந்திரு என்றார் டாக்டர், எழுந்தாள். நாக்கை நீட்டு என்றார், நீட்டினாள். கையைத் தூக்கு என்றார். தூக்கிய கை, இறக்கச் சொல்லும்வரை இறங்கவில்லை. எச்சில் முகவாயில் வழிந்தது, துடைக்கவில்லை.

மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் பெட்டியோடு நின்றிருந்தார். அவருக்காக இன்னொரு முறை கையைத் தூக்கச் சொன்னார் டாக்டர். "பாத்தீங்களா? பெட்டிப் பாம்பு." கம்பெனிக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். இதை எழுதும்போதும் வாய் கசக்கிறது.

மூன்றாம் நாள், சனிக்கிழமை. பெரிய சீசாவிலிருந்து புட்டியில் அம்மோனியா ஊற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆதியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"இன்னா நர்சம்மா, எம் மருமவன் கொட்டாய் நாத்தம் வருது?"

"எந்தக் கொட்டாய்?"

"கருவாட்டுக் கொட்டாய்தான். திருக்கைய உப்புல போட்டு மூணு நாள் வெச்சா இப்டித்தான் கண்ணு எரியும். இத்த மோந்து பாக்கவா செங்கல்பட்டுக்கு வந்தோம்? அங்க சும்மாவே வருதே."

அவள் சொன்னது சரி. கடல் உப்பாக இருப்பதால் மீனின் உடம்பிலிருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கப் பார்க்கும். அதைச் சமாளிக்கச் சுறாவும் திருக்கையும் ஒரு வழி வைத்திருக்கின்றன. நமக்குச் சிறுநீரில் போய்விடுகிற யூரியாவை அவை ரத்தத்திலும் சதையிலும் தேக்கி வைத்துக்கொள்ளும். செத்த பிறகு கிருமிகள் அந்த யூரியாவைத் தின்று அம்மோனியாவாக்கும். கொட்டகையில் வருவதும் புட்டியில் வருவதும் ஒரே பொருள். பூட்டில் சாவி பொருந்தியதுபோல ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. அப்படியானால் நாங்கள் இந்தப் பெண்ணை எங்கே கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தோம்?

அன்று சாயங்காலம் ராமதாஸ் வந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் பவுடர். பவுடருக்கு அடியில் அந்த நாற்றம். திங்கட்கிழமை அழைத்துப் போகலாம், மறுபடி வந்தால் காட்டுங்கள் என்று டாக்டர் ஒரு புட்டியை அவன் கையில் கொடுத்தார்.

"எதுக்கு டாக்டர் இது? நம்ம கொட்டாய்ல வேல செய்யசொல்லோ அவளுக்கு ஒண்ணும் வராது. சத்தமே போட மாட்டா. சொன்ன பேச்சு கேப்பா."

சொல்லிவிட்டுச் சிரித்தான். புட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வச்சலாவுக்கு உதறல் தொடங்கியது. நான் புட்டியை எடுக்கவில்லை. பாதத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினேன். சமையலறையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து, நகத்தால் கீறி அவள் கையில் வைத்தேன். இது என்ன, என்ன நிறம், கால் எங்கே இருக்கிறது, தரை சுடுகிறதா குளிர்கிறதா என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன். யாரும் எனக்கு இதைக் கற்றுத் தரவில்லை. ஃபியூஸை நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் தாங்க முடியாத மின்சாரம் வந்தால் ஃபியூஸ் போகும். விளக்கு அணையும், ஆனால் வீடு எரியாது. இருட்டாகிவிட்ட வீட்டை நடிக்கிறது என்று எவரும் சொல்வதில்லை. ஃபியூஸ் போன வீட்டுக்குள் இன்னும் மின்சாரத்தை ஏற்றுவதுமில்லை. நாங்கள் ஏற்றினோம்.

அரை மணி நேரம் ஆயிற்று. "ஜில்லுனு கீது" என்றாள். தரையைச் சொன்னாள்.

நான் கொட்டகையைப் பற்றிக் கேட்டேன்.

"தொட்டிங்களுக்குப் பின்னால கோணி அடுக்கி வெச்சிருக்கும் அக்கா. மேல ஓலைல ஒரு ஓட்ட. அதுல வெளிச்சம் வரும். அத்தையே பாத்துகினு இருப்பேன். அப்பால நான் அங்க இருக்க மாட்டேன்."

"அப்போ யார் இருப்பாங்க?"

"மாமா இருப்பாரு." பழத்தை முகர்ந்தாள். "இன்னா பண்ணுவாருன்னு முழுசாத் தெரியாது. எழுந்திருன்னு சொன்னா எழுந்திருப்பேன்."

நான் எழுந்துபோய்ப் புட்டியைப் பிடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். இரண்டாம் முறையும் கழுவினேன்.

டாக்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். தயிர்சாதத்தைப் பிசைந்தபடி கேட்டார். "அது அவங்க குடும்ப விஷயம் மார்கரெட். நாம வியாதியைத்தான் பாக்கணும்."

"வியாதியே அதுதான் டாக்டர்."

"மாவடு நல்லா இருக்கு. ரெண்டு எடுத்துக்கறியா?"

அவர் விரலிடுக்கில் வழிந்த தயிரைப் பார்க்க முடியாமல் வெளியே வந்தேன்.

ஆதியம்மாளிடம் வச்சலாவே சொன்னாள், நான் பக்கத்தில் இருந்தேன். கிழவி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பெரியவளுக்குத் தெரியுமா?"

"அக்கா சோறு கொண்டாரும். கதவு சாத்தியிருந்தா வெளிய வெச்சுட்டுப் பூடும்."

ஆதியம்மாள் வெற்றிலையைத் துப்பினாள். பெரிய மகள் வாழ்கிற வீடு அது. இவள் என்ன முடிவெடுப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கள் காலை ராமதாஸ் வந்தான். அவனைப் பார்த்ததும் வாசலிலேயே வச்சலாவின் கைகள் உதறின. "டாக்டரு சொல்லிக் குடுத்தாரே" என்று பையிலிருந்து புட்டியை எடுத்து அவள் மூக்குக்குக் கீழே பிடித்தான். உதறல் நின்றது. கண் மேலே போனது.

"நட" என்றான். அவள் ஓரடி வைத்தாள்.

நான் குறுக்கே போய்ப் பழத்தை அவள் உள்ளங்கையில் அழுத்தினேன். "வச்சலா, கையில என்ன?"

விரல்கள் பழத்தின் மேல் மடங்கவில்லை. "நட" என்றான் மறுபடி.

"கையில என்ன?"

அவள் இருமினாள். கண்ணில் நீர் வர, குனிந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினாள். மூக்கு எரிகிற எவரும் இருமுவதுபோல. "எலுமிச்சம்பயம்" என்றாள்.

ஆதியம்மாள் புட்டியைப் பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள். "மாப்ளே, நீ வந்த பஸ்லயே போ. இவள நான் கோவளத்துல எந் தங்கச்சி வூட்டுக்கு இட்டுகினு போறேன்."

"குப்பத்துல இன்னா பேசுவாங்க அத்தை?"

"நான் சொல்றத்த பேசுவாங்க. ஏலத்துல என் கொரலு எம்மாந் தூரம் கேக்கும்னு உனக்குத் தெரியும். உம் பொண்டாட்டிக்கும் சொல்லு."

அவன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் பதிவேட்டில் 'குணம்' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

ஓர் எலுமிச்சம்பழத்தால் குணமாகிற வியாதி இல்லை அது. பஸ் நிலையத்துக்குப் போகும் தெருவிலேயே வச்சலா இரண்டு முறை நின்றுவிட்டாள். இரண்டு முறையும் ஆதியம்மாள் இழுக்கவில்லை, அதட்டவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு, மகள் பழத்தை முகர்ந்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். அவளாகக் காலை எடுத்து வைத்த பிறகே கூடையைத் தூக்கினாள்.